மருந்துக்கு அடங்காத கிருமிகள்

சென்ற பெரும்போக மழைக்காலத்திலே, வயற்கரைக் கிராமமொன்றில் நடைபெற்ற கமக்காரர் வகுப்பின் முடிவில் ஓர் அம்மையார் எழுந்து வினாவொன்றை விடுத்தார்.

"ஐயா, என் கோழிகளுக்குக் கழிச்சல் கண்டால் மூன்று வருடங்களாக ஒரே மருந்துத் தூளைத்தான் தண்ணீரிற் கலந்து வைத்து வருகிறேன். முதல் வருடம் இரண்டே நாளிற் சுகமாயிற்று. சென்ற வருடம் ஒரு கிழமை சென்றது. இவ்வருடமோ எவ்வளவு கலந்தும் பயனில்லை. பதினொரு கோழிகள் செத்துவிட்டன. கடைக்காரர் மருந்திற் கலப்படஞ் செய்கிறாரோ?"

வகுப்பிலிருந்த பலர் தலையசைத்தனர். அவர்களுக்கும் அத்தகைய அனுபவம் உண்டு போலும். ஒருவர், "மருந்திலே பிழையில்லை, கோழியின் உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டது" என்று விளக்கங் கூறினார்.

இவ்விரு கருத்துக்களும் பொருந்தா. மருந்து மாறவில்லை, கோழியின் உடம்பும் மாறவில்லை. மாறியது கிருமியே. அம்மாற்றம் எவ்வாறு உண்டாகின்றது, அதில் நமது கைக்கும் பங்குண்டா, அதனைத் தடுக்க நாம் செய்யக்கூடியவை யாவை என்பவற்றை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

கிருமி என்பது யாது?

கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்களுள் ஒரு வகுப்பே பற்றீரியா எனப்படுவது. ஒரு மில்லிமீற்றர் நீளத்தை ஆயிரம் பங்காக்கினால் அவற்றுள் ஒன்றிரண்டு பங்கு அளவே பெரும்பாலான பற்றீரியாக்களின் உடல் இருக்கும். வளமான மண்ணில் ஒரு தேக்கரண்டி எடுத்தால் அதனுள்ளே கோடிக்கணக்கில் அவை வாழும்.

இவையெல்லாம் நமக்குப் பகையல்ல. பயற்றஞ் செடியின் வேர்முடிச்சிலிருந்து காற்றிலுள்ள நைதரசனைப் பயிருக்கு ஈட்டித் தருவதும், கூட்டெருக் குழியிற் குப்பையை உக்கச் செய்வதும், பாலைத் தயிராக்குவதும் பற்றீரியாக்களே. அவற்றுட் சிலவே தீங்கு செய்வன. பசுவின் மடியழற்சி, மனிதரின் கசநோய், நெல்லின் பற்றீரியா இலைக்கருகல், தக்காளி, கத்தரி முதலியவற்றின் பற்றீரியா வாடல் என்பன அச்சிலவற்றால் வருவன.

எல்லா நோயும் பற்றீரியாவால் வருவதன்று. நெல்லின் எரிபந்த நோய் பங்கசினால் வருவது. கோழிகளை ஒருசேர மாய்க்கும் இராணிக்கெற் நோய் வைரசினால் வருவது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்து, அதாவது வழக்கத்தில் அன்ரிபயோட்டிக் என்று வழங்கப்படுவது, பற்றீரியாவைத் தாக்கும். வைரசை அது ஒன்றுஞ் செய்யாது. இராணிக்கெற் நோய்க்கு அதனைக் கொடுப்பது, எலிப்பொறியை வைத்துக் கொக்கை எதிர்பார்ப்பது போன்றதாம்.

மருந்து பிறந்த இடம்

1928 ஆம் ஆண்டில் இலண்டன் நகரிலே அலெக்சாண்டர் பிளெமிங் என்னும் அறிஞர், தாம் வளர்த்த பற்றீரியாத் தட்டொன்றில் தற்செயலாக விழுந்து வளர்ந்த பூஞ்சணத்தைச் சுற்றி அப்பற்றீரியாக்கள் அழிந்திருப்பதைக் கண்டார். பெனிசிலின் கண்டுபிடிக்கப்பட்டது இவ்வாறே.

கமக்காரருக்கு இன்னும் நெருக்கமானது ஸ்ட்ரெப்டோமைசினின் வரலாறு. கசநோய்க்கு முதன்முதல் பயன்தந்த இம்மருந்து, 1943 இல் அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில், றட்கேர்ஸ் பல்கலைக்கழக விவசாயக் கல்லூரியின் மண் ஆய்வுகூடத்திலே கண்டறியப்பட்டது. செல்மன் வாக்ஸ்மன் என்பவரின் கீழ்ப் பணியாற்றிய அல்பேட் சாற்ஸ் என்னும் இளைஞர், இம்மருந்தைச் சுரக்கும் சிற்றுயிரை இரண்டு இடங்களிலிருந்து பிரித்தெடுத்தார். ஒன்று, எரு மிகுதியாக இட்ட வயல் மண். மற்றையது ஒரு கோழியின் தொண்டை.

இதிலிருந்து நாம் அறியவேண்டியது ஒன்றுண்டு. மண்ணில் வாழும் சிற்றுயிர்கள் உணவுக்காகவும் இடத்துக்காகவும் ஒன்றோடொன்று போரிடுகின்றன. நாம் மருந்தென்று சொல்லுவது அப்போரில் ஒரு சாரார் ஏந்திய வாள். வாள் உள்ள இடத்திற் கேடயமும் இருக்குமன்றோ? மருந்தை எதிர்க்கும் ஆற்றலும் அவ்வாறே தொன்மையானது. கனடாவின் யூக்கொன் பகுதியில் 30,000 ஆண்டுகளாக உறைந்து கிடந்த மண்ணிலிருந்து அவ்வாற்றலுக்குரிய பரம்பரையலகுகளை அறிஞர்கள் பிரித்தெடுத்து 2011 இல் வெளியிட்டனர். மனிதன் மருந்து செய்யத் தொடங்குமுன்னரே கேடயம் இருந்தது. ஆனால் அது அரிதாக இருந்தது. அரிதாயிருந்ததைப் பெருக்கியது மனிதனின் செயலே.

எதிர்ப்பு பெருகும் விதம்

ஒரு பற்றீரியா இரண்டாகப் பிரிந்து பெருகுவது. குடலில் வாழும் சிலவகை, வசதியான நிலையில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இவ்வாறு பிரியும். இக்கணக்கின்படி, காலை ஆறு மணிக்கு ஒன்றாயிருந்தது பிற்பகல் இரண்டு மணிக்கு 1,67,77,216 ஆகும்.

ஒவ்வொரு பிரிவின்போதும் கிருமி தன் பரம்பரைக் குறிப்பு முழுவதையும் படியெடுக்க வேண்டும். ஏட்டைப் பார்த்துப் படியெடுப்பவர் எத்துணைக் கவனமுடையவராயினும் இடையிடையே ஓரெழுத்துப் பிழைப்பது போல, இங்கும் பிழை நேரும். பெரும்பாலான பிழைகளாற் கிருமிக்கு நன்மையில்லை. சில அதனைக் கொன்றுவிடும். ஆயினும் பல இலட்சத்தில் அல்லது கோடியில் ஒன்று, குறித்த ஒரு மருந்து தன்னைத் தாக்காதபடி தற்செயலாக மாறிவிடும்.

மருந்து இல்லாத இடத்தில் அந்த ஒன்றுக்குச் சிறப்பெதுவும் இல்லை. மற்றவற்றின் நெருக்கத்துள் அது ஒரு மூலையிற் கிடக்கும். மருந்து வந்தவுடன் நிலைமை தலைகீழாகின்றது. மற்றவை மடிகின்றன. அவை விட்டுச் சென்ற இடமும் உணவும் இந்த ஒன்றுக்கே உரிமையாகின்றன. மறுநாள் அங்கே பெருகி நிற்பன யாவும் அதன் வழித்தோன்றல்களே.

இது கமக்காரர் அறியாத செய்தியன்று. நல்ல கதிர்களைத் தெரிந்து விதைநெல்லுக்கென வைப்பவர் செய்வது இதுவே. நெல்லை அவர் புதிதாகப் படைப்பதில்லை. உள்ளவற்றுள் தாம் வேண்டியதைத் தெரிந்து பெருகவிடுகிறார். மருந்தும் அவ்வாறே. அது கிருமிக்கு எதிர்ப்பைக் கற்றுக்கொடுப்பதில்லை, எதிர்ப்புள்ளதைத் தெரிந்தெடுக்கின்றது. தேவையின்றி மருந்திடும் ஒவ்வொரு முறையும், நாம் விரும்பாத பயிருக்கு நாமே விதைநெல் தெரிந்து வைக்கிறோம்.

இதனை 1952 இல் லெடர்பேர்க் தம்பதியர் அமெரிக்காவிலே எளிய முறையால் மெய்ப்பித்தனர். மருந்தில்லாத தட்டொன்றிற் பற்றீரியாக்களை வளரவிட்டு, ஒரு வெல்வெட் துணியை அதன்மேல் ஒற்றி, அதே ஒழுங்கில் மருந்துள்ள வேறு தட்டுக்களில் பதித்தனர். எந்தெந்தத் தட்டிற் பதித்தாலும் ஒரே இடத்திலிருந்து வந்தவையே பிழைத்தன. முதற்றட்டில் அவ்விடத்தில் இருந்தவை, மருந்தைக் கண்டறியாத நிலையிலேயே எதிர்ப்புடையனவாய் இருந்தன என்பது இதனால் உறுதியாயிற்று.

அரைகுறை மருந்தின் தீமையும் இதனால் விளங்கும். போதிய அளவு கொடுத்தால், சிறிதளவே எதிர்ப்புள்ள கிருமிகளும் மடியும். எஞ்சிய சிலவற்றை உடம்பின் காவற்சக்தி தீர்த்துவிடும். கைக்கு வந்தபடி ஒரு சிட்டிகை தூவினால், வலுவற்றவை மட்டும் மடிய, ஓரளவு தாங்கக்கூடியவை தப்பி, மேலும் வலுப்பெற்றுப் பெருகும். பிளெமிங் அவர்களே, 1945 இல் நோபல் பரிசு பெற்ற வேளையில் ஆற்றிய உரையில், குறைந்த அளவு பெனிசிலினைக் கண்டபடி உட்கொள்வதால் இவ்வபாயம் விளையுமென எச்சரித்தார். 1940 களின் இறுதிக்குள்ளேயே, பெருநகர வைத்தியசாலைகள் சிலவற்றிற் புண்ணைச் சீழாக்கும் கிருமிகளுட் பாதிக்கு மேற்பட்டவை பெனிசிலினுக்கு அடங்காதனவாயின.

கிருமி கையாளும் நான்கு உபாயங்கள்

ஒரு வீட்டுக்காரர் கள்வனிடமிருந்து தம்மைக் காக்கும் வழிகளோடு இவற்றை ஒப்பிடலாம்.

1. கள்வனையே முடமாக்குதல். சில கிருமிகள் ஒருவகை நொதியைச் சுரந்து மருந்தின் மூலக்கூற்றை முறித்துவிடும். பெனிசிலினை முறிக்கும் நொதி, அம்மருந்து பொதுமக்களின் கைக்கு எட்டுமுன்னரே, 1940 இல் அறியப்பட்டது.

2. புகுந்தவனை வெளியேற்றுதல். வயலிற் புகுந்த வெள்ளத்தைப் பம்பியால் இறைப்பது போல, உட்புகும் மருந்தை உடனுக்குடன் வெளியே தள்ளுதல். ரெற்றாசைக்கிளின் குலத்து மருந்துகளுக்கு எதிராக இது பெரிதும் நிகழும்.

3. பூட்டை மாற்றுதல். மருந்து சென்று பற்றுகின்ற உறுப்பின் வடிவம் சிறிது மாறிவிடும். பழைய திறப்பு புதிய பூட்டுக்குப் பொருந்தாது.

4. படலையைச் சாத்துதல். மருந்து உட்செல்லும் நுண்டுளைகளைக் குறைத்தல் அல்லது ஒடுக்குதல்.

ஒரே கிருமி இவற்றுள் இரண்டு மூன்றை ஒருங்கே கையாளவுங் கூடும்.

இரவல் கொடுக்கும் வழக்கம்

இதுவரை கூறியவை தாயிலிருந்து சேய்க்கு வரும் எதிர்ப்பைப் பற்றியன. இதனினும் விரைவான வழி வேறொன்றுண்டு.

இரண்டாம் உலகப் போரின் பின்னர் யப்பான் நாட்டிலே, ஒரே வேளையிற் பல மருந்துகளுக்கு அடங்காத வயிற்றுளைவுக் கிருமிகள் தோன்றின. ஒவ்வொரு மருந்துக்கும் தனித்தனியே தற்செயலான பிழை நேர்ந்து இத்தனை விரைவில் இவ்வாறாதல் அரிது. 1959 இல் அந்நாட்டு ஆய்வாளர்கள் இதன் மறைவைக் கண்டனர். குடலில் வாழும் தீங்கற்ற பற்றீரியாவொன்று, பல எதிர்ப்புக்களையும் ஒரு கட்டாகத் தன் அயலிலுள்ள நோய்க்கிருமிக்குக் கொடுத்துவிடுகின்றது. இக்கட்டு பிளாஸ்மிட் எனப்படும் சிறு வளையத்தில் அமைந்திருக்கும். இரு கிருமிகள் ஒன்றையொன்று தொட்டு நிற்கையில் அதன் படி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும். இனம் வேறாயினுந் தடையில்லை.

நல்ல விதையை அயலவருக்கு இரவல் கொடுக்கும் வழக்கம் நமது கிராமங்களில் உண்டு. கிருமிகளிடத்தும் அவ்வழக்கம் உண்டு என்று கொள்க. ஆதலால், "என் கோழியின் குடலிலுள்ள கிருமி தீங்கற்றதுதானே" என்று நாம் ஆறுதலடைய முடியாது. தீங்கற்றது இன்று சேமித்து வைப்பதைத் தீயது நாளை இரவல் வாங்கிவிடும்.

கோழிக்கூட்டிலிருந்து வீட்டுக்கு

இவ்வளவையும் கேட்டிருந்த அவ்வம்மையார் இரண்டாவது வினாவொன்றைக் கேட்டார். "அப்படியானால் அந்தக் கிருமி எங்கள் வீட்டுக்குள்ளும் வந்திருக்குமோ? கூட்டைக் கூட்டுவது நான். முட்டை பொறுக்குவது என் பேரப்பிள்ளை."

இவ்வினாவுக்கு விடை சொல்லும் ஆராய்ச்சியொன்று 1976 இல் அமெரிக்காவில் வெளியாயிற்று. ஸ்ருவேட் லெவி என்னும் வைத்திய அறிஞரும் அவர்தம் குழுவினரும், ஒரு பண்ணையிற் சில கோழிக்குஞ்சுகளுக்கு ரெற்றாசைக்கிளின் குலத்து மருந்து கலந்த தீனியையும், சிலவற்றுக்கு மருந்தில்லாத தீனியையும் கொடுத்து வந்தனர். ஒரு வாரத்துள், மருந்துத் தீனி உண்ட கோழிகளின் குடற்கிருமிகள் ஏறத்தாழ முழுவதும் அம்மருந்துக்கு அடங்காதனவாயின. பின்னர், மெல்ல மெல்ல, அம்மருந்தை உண்ணாத பண்ணைக் குடும்பத்தாரின் குடலிலும் அத்தகைய கிருமிகள் மிகுந்தன. ஐந்தாறு மாதங்களுள், வாரந்தோறும் அவர்களிடமிருந்து பெற்ற மல மாதிரிகளுள் நூற்றுக்கு 31.3 பங்கில், பற்றீரியாக்களிற் பத்திலெட்டுக்கு மேற்பட்டவை எதிர்ப்புடையனவாய் இருந்தன. அயல் வீட்டாரிடத்தில் அத்தகைய மாதிரிகள் நூற்றுக்கு 6.8 மட்டுமே.

அண்மைக் காலச் செய்தியொன்றையும் கூறல் வேண்டும். கொலிஸ்ரின் என்பது வேறு மருந்துகள் பயன்படாதபோது வைத்தியர்கள் இறுதியாக நாடும் மருந்துகளுள் ஒன்று. பன்றி, கோழி முதலியவை விரைவிற் கொழுப்பதற்காக அதனைத் தீனியிற் கலக்கும் வழக்கம் சில நாடுகளில் இருந்தது. 2015 இல், இரவல் கொடுக்கக்கூடிய கொலிஸ்ரின் எதிர்ப்பைப் பன்றிகளிலும் இறைச்சியிலும் நோயாளரிலும் சீன அறிஞர்கள் கண்டனர். சீனா 2017 இல் அவ்வழக்கத்தை நிறுத்தியது. இந்தியா 2019 இல் உணவுக்குரிய விலங்குகளில் அம்மருந்தைத் தடைசெய்தது. ஐரோப்பிய ஒன்றியமோ, வளர்ச்சிக்காக நுண்ணுயிர்க்கொல்லிகளைத் தீனியிற் கலப்பதை 2006 சனவரி முதலே முற்றாக விலக்கிவிட்டது.

நமது வயலோடு இதற்குள்ள தொடர்பைச் சிந்தியுங்கள். எலிக்காய்ச்சல் பரவும் காலத்தில், சேற்றில் இறங்கும் கமக்காரருக்குச் சுகாதாரப் பகுதியினர் கொடுக்கும் டொக்சிசைக்கிளினும், கோழிக்குத் தண்ணீரிற் கலக்கப்படும் ஒக்ஸிரெற்றாசைக்கிளினும் ஒரே குலத்தவை. குடற்கிருமிகளில் ஒன்றை எதிர்ப்பது பெரும்பாலும் மற்றையதையும் ஓரளவு எதிர்க்கும். கோழிக்கு ஒரு மருந்து, மனிதனுக்கு வேறொரு மருந்து என்று நாம் எண்ணுவது பெயரளவில் மட்டுமே.

பயிரிலும் இவ்விதியே

அமெரிக்காவின் பேரித் தோட்டங்களில் தீக்கருகல் என்னும் பற்றீரியா நோய்க்கு 1950 கள் தொட்டு ஸ்ட்ரெப்டோமைசின் தெளித்து வந்தனர். 1971 இல் கலிபோர்னியா மாநிலத்தில் அதற்கு அடங்காத கிருமி காணப்பட்டது. எளிதாயிருந்த பரிகாரம் அத்தோட்டங்களிற் கைநழுவிற்று.

நோயைத் தாங்கும் பயிரினங்களுக்கும் இஃது ஏற்புடையதே. நெல்லின் இலைக்கருகற் கிருமிக்கு எதிராக ஓரினத்தை உருவாக்கி, பெருநிலப்பரப்பில் அதனையே ஆண்டாண்டாக விதைத்தால், அவ்வினத்தையும் வெல்லவல்ல கிருமி தெரிந்தெடுக்கப்பட்டுப் பெருகும். ஒரே ஆயுதத்தை ஓயாது வீசினால் அதன் கூர் மழுங்கும்.

நமது கையிலுள்ள பரிகாரங்கள்

கிருமியில் நேரும் தற்செயலான மாற்றத்தை எவராலும் நிறுத்த இயலாது. மாறியதற்கு இடங்கொடாதிருத்தல் நமக்கு இயலும். அதற்குரிய வழி இரண்டே: மருந்து தேவைப்படும் சந்தர்ப்பத்தைக் குறைத்தல், தேவைப்பட்டவிடத்து முறையாகப் பயன்படுத்துதல்.

கோழி வளர்ப்போர்க்கு:

1. நோய் இன்னதென அறியுமுன் மருந்து வாங்கற்க. கோழி செத்தால், அதனை எறியாது, இயன்ற விரைவில் அரசாங்க மிருக வைத்திய அலுவலகத்திற் காட்டுக. கிருமி எந்த மருந்துக்கு அடங்கும் என்பதையும் ஆய்வுகூடத்தில் பரிசோதித்து அறியலாம்.

2. இராணிக்கெற் முதலிய வைரசு நோய்களுக்குத் தடுப்பு மருந்தை உரிய காலத்தில் ஏற்றுக. தடுப்பு மருந்தினால் நாம் ஈண்டுக் கூறும் எதிர்ப்பு உண்டாவதில்லை.

3. கூட்டில் நெருக்கம் வேண்டாம். நிலத்திற் பரப்பிய உமி அல்லது மரத்தூள் ஈரமாயின் உடனே மாற்றுக. தண்ணீர்ப் பாத்திரத்தை நாடோறும் கழுவுக. ஒரு தொகுதி விற்றபின், கூட்டைக் கழுவிச் சுண்ணாம்பு பூசிச் சில நாள் வெறுமையாக விட்டு அடுத்த தொகுதியைச் சேர்க்க.

4. வளர்ச்சிக்கென்றும், "வருமுன் காப்போம்" என்றும் நுண்ணுயிர்க்கொல்லியைத் தீனியிலோ தண்ணீரிலோ கலவாதீர்.

5. கூட்டில் வேலை செய்தபின் சவர்க்காரமிட்டுக் கைகழுவுக. கூட்டுக்கென ஒரு சோடி செருப்பைத் தனியே வைத்து, அதனைக் கூட்டின் வாசலிலேயே விடுக.

பசு வளர்ப்போர்க்கு:

6. மடியழற்சிக்குச் சிறந்த மருந்து சுத்தமே. கறக்குமுன் கையையும் மடியையும் கழுவித் துடைத்துக் கறக்க. நோயுற்ற பசுவை இறுதியிற் கறக்க. பாலைக் கறந்தவுடன் பசு சேற்றிற் படுக்காதவாறு சிறிது நேரம் தீனியிட்டு நிற்கவைக்க. முலைத்துளை மூட அவகாசம் வேண்டும்.

7. மருந்தேற்றிய பசுவின் பாலை, மிருக வைத்தியர் குறிக்கும் நாள்வரை விற்கவோ குடிக்கவோ கூடாது. அப்பாலிற் சில வேளை தயிர் உறைவதில்லை என்பதைப் பெண்கள் கண்டிருப்பர். உறைமோரிலுள்ள நல்ல பற்றீரியாவைப் பாலில் எஞ்சிய மருந்து கொன்றுவிடுவதே காரணம். தயிர்ச் சட்டியில் நடப்பது அதனைக் குடிப்பவர் வயிற்றிலும் நடக்கலாம்.

எரு இடுவோர்க்கு:

8. பச்சைக் கோழியெருவை மரக்கறிப் பாத்தியில் நேரே இடாதீர். அதனை வைக்கோல், இலைகுழையோடு கலந்து குவித்து, ஈரம் பார்த்து, இடையிடையே புரட்டி உக்கவிடுக. குவியலின் நடுவில் வெப்பம் 55 பாகை சதமவளவுக்கு மேற் சென்று பல நாட்கள் நின்றால் நோய்க்கிருமிகளிற் பெரும்பாலானவை மடியும். நீண்ட இரும்புக் கம்பியை நடுவே செருகிச் சில நிமிடங்களின் பின் உருவித் தொட்டுப் பார்க்க. பிடித்திருக்க இயலாத சூடு இருத்தல் வேண்டும். வெளிப்புறத்தது உள்ளே வரும்படி புரட்டுவது இன்றியமையாதது. பச்சையாக உண்ணும் இலைவகைகளுக்கும் கரட்டுக்கும் இவ்வெச்சரிக்கை மிக வேண்டும்.

பயிர் செய்வோர்க்கு:

9. மனிதருக்கோ விலங்குக்கோ உரிய வில்லைகளைக் கரைத்துப் பயிருக்குத் தெளிக்காதீர். பீடைகொல்லிப் பதிவாளரின் பதிவைப் பெறாத எதனையும் பயிருக்கு இடுதல் தகாது.

10. தக்காளி, கத்தரி, மிளகாய் பச்சையாயிருந்தபடியே திடீரென வாடினால், அடித்தண்டைக் குறுக்கே வெட்டித் தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையிற் பிடித்துப் பார்க்க. வெட்டு வாயிலிருந்து பால் போன்ற வெண்ணிழை இறங்கினால் அது பற்றீரியா வாடல். அச்செடிக்கு மருந்து தேடாது, வேரோடு பிடுங்கி அகற்றுக. அவ்வரிசையின் நீர் மற்ற வரிசைக்குப் பாயாது தடுக்க. அந்நிலத்தில் அடுத்த போகம் கத்தரிக் குடும்பப் பயிரைத் தவிர்த்து நெல்லையோ சோளத்தையோ செய்க. வாடலைத் தாங்கும் கத்தரியின் அடிக்கட்டையிற் தக்காளியை ஒட்டி நடுவதும் பயன் தரும்.

11. நெல்லிலையின் நுனியிலிருந்து ஓரம் வழியே அலையலையாக மஞ்சளித்துக் காய்ந்து வந்தால், இலைக்கருகலை ஐயுறுக. அந்நிலையில் யூரியா இடுவதை நிறுத்துக. மிகுதியான நைதரசன் இந்நோயை வளர்க்கும். இயன்றால் வயல் நீரை வடித்துச் சில நாள் விடுக. நடுகையின்போது நாற்றின் நுனியைக் கிள்ளாதீர். அக்காயமே கிருமிக்கு வாயில். சிபார்சு செய்யப்பட்ட இனங்களை மாற்றி மாற்றி விதைக்க.

நமது உடம்புக்கு:

12. வைத்தியரின் சீட்டின்றி நுண்ணுயிர்க்கொல்லி வாங்காதீர். தடிமனுக்கும் வைரசுக் காய்ச்சலுக்கும் அது வேண்டியதில்லை. வைத்தியர் குறித்த அளவை, குறித்த நாள்வரை உட்கொள்க. தாமாகக் குறைக்கவும் வேண்டாம், நீட்டவும் வேண்டாம். எஞ்சிய வில்லையை அடுத்தவருக்கோ கோழிக்கோ கொடாதீர்.

13. எலிக்காய்ச்சலுக்கென்று சுகாதாரப் பகுதியினர் தரும் மருந்தை, எதிர்ப்பு உண்டாகுமெனப் பயந்து விட்டுவிடாதீர். அது உயிர் காப்பது. சொன்னபடி உட்கொள்வது முறையான உபயோகமே. வீணான உபயோகத்தை விலக்குவது, இத்தகைய தேவைக்கு அம்மருந்தின் கூர் மழுங்காது காக்கும் பொருட்டே.

முடிவுரை

இக்கேட்டின் அளவு சிறிதன்று. 2019 ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர், மருந்துக்கு அடங்காத பற்றீரியாக்களே நேர்க் காரணமாக இறந்தனர் என்று 2022 இல் வெளியான மதிப்பீடு கூறுகின்றது. புது மருந்து கண்டறிதல் பல்லாண்டு வேலை. கிருமிக்கோ ஒரு நாளில் எழுபது தலைமுறை.

ஆயினும் மனந்தளர வேண்டியதில்லை. லெவியின் ஆராய்ச்சியில் மருந்துத் தீனியை அகற்றி ஆறு மாதஞ் சென்றபின், அக்குடும்பத்தாருட் பெரும்பாலானோரிடத்தில் அவ்வெதிர்ப்புக் கிருமிகள் காணப்படவில்லை. எதிர்ப்பு எப்போதும் இவ்வளவு எளிதில் நீங்குமென்று சொல்ல இயலாது. எனினும், தெரிந்தெடுக்கும் கையை நாம் எடுத்துவிட்டால், பல இடங்களில் அது குறையும் என்பதற்கு இது சான்று.

அவ்வம்மையார் மறுநாளே செத்த கோழியொன்றை மிருக வைத்தியரிடம் கொண்டு சென்றார். ஆய்வுகூடப் பரிசோதனையில், அவர் மூன்று வருடமாகக் கலந்துவந்த மருந்துக்கு அக்கிருமி அடங்காதென்றும், வேறொன்றுக்கு அடங்குமென்றும் தெரிந்தது. அதனைக் குறித்த அளவில், குறித்த நாட்களுக்கு மட்டும் கொடுத்து, எஞ்சிய கோழிகளைக் காப்பாற்றினார். பின்னர் கூட்டை மேட்டுக்கு மாற்றி, மழைநீர் புகாது தாழ்வாரம் இறக்கினார். இச்சிறுபோகத்தில் நான் அவ்வழியே சென்றபோது மருந்துத் தூள் இருந்த தகரப் பேணியிலே கத்தரி விதை காய்ந்துகொண்டிருந்தது.

மருந்து ஒரு பொதுச் சொத்து. குளத்து நீரைப் போல, ஒருவர் வீணாக்கினால் ஊருக்கே குறையும். குளக்கட்டைக் காப்பதற்கு ஊரவர் ஒன்றுகூடும் வழக்கம் நமக்குப் புதிதன்று. இதனையும் அவ்வாறே காப்போமாக. ஐயம் உள்ளோர் தமது பகுதிக் கமநல சேவை நிலையத்திலுள்ள விவசாயப் போதனாசிரியரையோ, அரசாங்க மிருக வைத்தியரையோ கண்டு ஆலோசனை பெறுக.